ஒரு கணினியும் பல திரைகளும்

தொழில் நடைபெறும் இடம் ஒன்று, அதன் பயன் விளங்கும் இடம் மற்றொன்று என்னும் நிலைமை வடசென்னை வாழ்நர்க்குப் புதியதன்று. எண்ணூர்க் கழியின் அருகே 450 மெகாவாட் ஆற்றலுடன் நின்ற பழைய அனல்மின் நிலையம் 2017ஆம் ஆண்டில் மூடப்படுங்காறும், உலை எரிந்தது ஈண்டு. விளக்கு எரிந்ததோ நகரெங்கும். மணலியில் கச்சா எண்ணெய் பிரிக்கப்படுகின்றது. அதனால் ஓடும் வண்டிகளோ பல மாவட்டங்களில் ஓடுகின்றன. கணினி உலகிலும் இத்தகைய பிரிவு ஒன்று உளது. கணக்கிடும் பொறி ஓரிடத்தும், எழுத்தும் படமும் தோன்றும் திரை வேறோரிடத்தும் இருப்ப, இரண்டனையும் ஒரு கம்பி இணைக்க, திரைமுன் அமர்ந்தான் ஒருவன் தொலைவிலுள்ள பொறியைத் தன் முன்னே இருப்பதுபோலவே ஆளுகின்றான். இம்முறையினைக் குறித்தே ஈண்டுச் சில கூறப் புகுந்தோம்.

தமிழ் ஆனர்ஸ் மாணாக்கர்க்கு யூனிக்ஸிலும் வலையிலும் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். அவர்க்குரிய விடை கட்டுரையின் இடையே தானே விளங்கும். எம் கருத்தை மட்டும் முதற்கண் வெளிப்படக் கூறிவிடுகின்றோம். நம் கல்லூரியும், இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களிலுள்ள பள்ளிகளும் ஆற்றல் மிக்க கணினி ஒன்றிரண்டை நடுவே நிறுவி, கழித்து வைக்கப்பட்ட பழைய கணினிகளை அவற்றின் திரைகளாக்குதல் வேண்டும். அவ்வமைப்பின் திறவுகோலை மாணாக்கர் கையிலும் கொடுத்தல் வேண்டும். இவ்விரண்டனுள் முன்னையது சிக்கனம், பின்னையது கல்வி. முன்னையதைப் பலரும் ஒப்புவர். பின்னையதற்கே வழக்காட வேண்டியுளது.

முதற்கண் வரலாறு. 1969ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ், ஒரு பொறியைப் பலர் ஒரே காலத்தில் பகிர்ந்து கொள்ளும் இயல்புடையதாய் வளர்ந்தது. பின்னர் 1983ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அதீனா என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதன் நோக்கம் மாணாக்கர் ஒவ்வொருவரும் உற்று நோக்குதற்குரியது. வளாகத்துள் எந்தப் பணிநிலையத்தின் முன் ஒரு மாணாக்கன் அமரினும், அவனுடைய கோப்புகளும் அவன் அமைத்துக்கொண்ட மேசையும் அவ்விடத்தே அவனுக்குத் தோன்றல் வேண்டும் என்பதே அது. அத்திட்டத்தின் மடியில் 1984இல் பிறந்ததே எக்ஸ் என்னும் சாளர முறை. அதற்கு முன்னிருந்த முறையின் பெயர் ‘டபிள்யூ’ என்பதாம்; ஆங்கில நெடுங்கணக்கில் அதற்கடுத்த எழுத்து எக்ஸ் ஆதலின் அப்பெயர் வாய்த்தது. 1987இல் அதன் பதினோராம் வடிவம் வெளிவந்தது. எக்ஸ் 11 என்று இன்றும் வழங்குவது அதுவே.

இம்முறையில் சொற்பொருள் ஆராய்வார்க்கு ஒரு விந்தை உண்டு. சர்வர் என்று உலகோர் கூறுவதைத் தமிழில் ‘வழங்கி’ என்கின்றோம். தொலைவில் நிற்கும் பெரிய பொறியே வழங்கி என்று யாவரும் கருதுவர். எக்ஸ் முறையிலோ நம் மேசைமேல் இருக்கும் திரையே வழங்கி. தொலைவிலுள்ள நிரல்களே அதனை நாடி வருவன. திரை, விசைப்பலகை, சுட்டி ஆகிய மூன்றும் இல்லத்தான் உடைமை. நிரல் என்னும் விருந்தினன் வந்து, ‘இவ்விடத்து ஒரு கோடு வரைக, இவ்விடத்து ஓர் எழுத்து இடுக’ என்று வேண்டுகின்றான். இல்லத்தான் வேண்டியதை வழங்குகின்றான். இதனைத் தலைகீழாகக் கொண்டவர் இம்முறையை அமைக்கப் புகின் ஒவ்வொரு படியிலும் இடறுவர். சொல்லின் பொருளைச் செவ்வனே உணர்தல் பொறியாளர்க்கும் இன்றியமையாதது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நிற்க. திரை மட்டும் உடைய ஓர் எளிய பொறி, தனக்கு இடந்தரும் பெரிய பொறியை எங்ஙனம் கண்டு உட்புகுகின்றது? இதற்கென 1989இல் கீத் பாக்கார்டு என்பார் வகுத்த நெறிமுறைக்கு எக்ஸ்டிஎம்சிபி என்று பெயர். அதனைத் துறைமுகத்தின் அருகே வாழ்வார்க்கு விளக்குதல் எளிது. கப்பல் ஒன்று வெளித்துறையில் நங்கூரமிட்டு நிற்கின்றது, ‘இடம் உண்டோ?’ என்று துறைமுகத்தை வினவுகின்றது. துறைமுகம் ‘இசைவு’ என்றோ ‘இசைவில்லை’ என்றோ விடை விடுக்கின்றது. இசைவு பெற்ற கப்பல் முறைப்படி விண்ணப்பிக்க, துறைமுகம் அதனை ஏற்று ஓர் எண் வழங்குகின்றது. பின்னர் ‘இனி என்னை நடத்துக’ என்று கப்பல் கூற, துறைமுகத்தினின்று வழிகாட்டி புறப்பட்டுவந்து கப்பலில் ஏறுகின்றான். எக்ஸ்டிஎம்சிபியின் உரையாடலும் இதே வரிசையினது. அதன் செய்திகளின் பெயர்களும் வினவல், இசைவு, வேண்டல், ஏற்பு, நடத்துக என்னும் பொருளுடையனவே. பெரிய பொறியின் பெயரை அறிந்து நேரே வினவலாம். பெயர் அறியாவிடின் வலை முழுவதும் கேட்கக் கூவி வினவலாம். ஓர் இடையாள் வழியாக வினவி, கிடைக்கும் பட்டியலினின்று ஒன்றைத் தெரிந்து கொள்ளவும் செய்யலாம்.

வழிகாட்டி தானே வந்து கப்பலில் ஏறுகின்றான் என்றோமே, அவ்விடத்தில்தான் இம்முறையை அமைப்பார் பலரும் இடர்ப்படுகின்றனர். வினவல் செல்வது பெரிய பொறியின் 177ஆம் துறைக்கு. (கணினியின் ‘போர்ட்’டையும் துறை என்றே கூறுகின்றோம், கப்பல் துறையருகே வாழும் நமக்கு இச்சொல் நன்கு பொருந்தும்.) ஆனால் ஏற்பு முடிந்தபின் இணைப்புப் புறப்படும் திசை மாறுகின்றது. பெரிய பொறியே சிறிய பொறியின் 6000ஆம் துறையைத் தட்டி, அதன் திரைமேல் புகுபதிகைப் பெட்டியை வரைகின்றது. ஆதலின் கதவு இரு பக்கமும் திறத்தல் வேண்டும். பெரிய பொறியின் தீயரணில் 177ஐத் திறந்துவிட்டு, சிறிய பொறியில் 6000ஐ மூடி வைப்பின், கரிய திரையும் அதன் நடுவே ஒரு பெருக்கற்குறியும் மட்டுமே எஞ்சும். 2015 முதல் எக்ஸ் வழங்கி தானாகவே அத்துறையை மூடிய நிலையில் எழுகின்றது. வேண்டுவார் கட்டளையில் வெளிப்படக் கூறியே திறத்தல் வேண்டும். இன்னும் ஒன்று: பெரிய பொறி சிறிய பொறியைப் பெயரிட்டு அழைக்க இயலாவிடினும் இணைப்புத் தடுமாறும். முகவரிக் கோப்பில் ஒவ்வொரு பொறியின் பெயரையும் எண்ணையும் எழுதி வைத்தலே இதற்கு மருந்து.

பெரிய பொறியின்கண் செய்ய வேண்டுவன சிலவே. எக்ஸ்டிஎம் என்னும் பழைய வாயிலோனைப் பயன்படுத்துவோர், வேண்டுகோள் துறையைப் பூச்சியம் எனக் குறித்துள்ள வரியை நீக்கி, எக்ஸ்அக்செஸ் என்னும் கோப்பில் யார் யார் நுழையலாம் என்று எழுதுதல் வேண்டும். லைட்டிஎம் முதலிய பின்னையோரிடத்து, அமைப்புக் கோப்பில் எக்ஸ்டிஎம்சிபி என்னும் பகுதியில் ‘ஆம்’ என்று ஒரு சொல் எழுதினாற் போதும். யாவரும் வருக என்று பொருள்படும் விண்மீன் குறியை அக்கோப்பில் இட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எழுவாரும் உளர். அது வாயிலோனை உறங்கச் சொல்வதை ஒக்கும். ஆய்வுக்கூடத்தின் முகவரிகளை மட்டும் எழுதுதலே முறை.

காவலைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். எக்ஸ்டிஎம்சிபி வழி நுழைவான் அழுத்தும் ஒவ்வொரு விசையும், கடவுச்சொல் உட்பட, மறைப்பு ஏதுமின்றிக் கம்பியில் செல்கின்றது. அக்கம்பியில் செவி வைத்தான் எவனும் அதனைப் படித்துவிடலாம். ஒருவரையொருவர் நம்பி வாழ்ந்த சிறு வளாகங்களுக்கென வகுத்த முறையாதலின் இக்குறை அதற்கு உண்டு. 1995ஆம் ஆண்டில் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டன. அது கண்ட தாத்து ஊலனன் என்னும் ஆராய்ச்சியாளர் எஸ்எஸ்ஹெச் என்னும் மறைவழியை ஆக்கினார். எக்ஸ் முறையின் சாளரங்களை அம்மறைவழிக்குள்ளேயே செலுத்தலாம். பள்ளிகளில் இத்தகைய அமைப்பை நிறுவுதற்கென 1999இல் தோன்றிய எல்டிஎஸ்பி என்னும் திட்டமும் முதலில் எக்ஸ்டிஎம்சிபியைக் கொண்டு, பின்னர் மறைவழிக்கு மாறிற்று. ஆகவே நாம் கொள்ளத்தக்க விதி இது: நான்கு சுவர்க்குள், வேறொன்றோடும் கலவாத தனி வலையில் மட்டும் பழைய முறை, சுவர்க்கு வெளியே எஞ்ஞான்றும் மறைவழி.

இனித் தமிழ் மாணாக்கர்க்கு இதில் என்ன வேலை என்பதற்கு வருவோம். எக்ஸ் முறையின் முற்காலத்தில் எழுத்துரு திரைப்பக்கத்தே இருத்தல் வேண்டும். தொலைவிலுள்ள நிரல் ‘இன்ன எழுத்துருவில் இன்ன எழுத்தை இடுக’ என்று மட்டுமே கூறும். அவ்வெழுத்துருத் திரைப்பொறியில் இல்லையேல் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்களே தோன்றும். நாற்பது திரைகளில் தமிழ் படிக்க நாற்பது இடங்களில் தமிழை நிறுவ வேண்டியிருந்தது. அன்றேல் எழுத்துருவுக்கென்றே தனி வழங்கி ஒன்று வைத்தல் வேண்டும். ஏறத்தாழ 2000ஆம் ஆண்டு முதல் நிலைமை மாறிற்று. எழுத்தின் வடிவை நிரலே ஆக்கித் திரைக்கு அனுப்பும் புதிய வழி தோன்றிற்று. அதன் பயனாக, கொம்பும் காலும் சரிவர அமைந்த நல்ல தமிழ் எழுத்துருவை நடுப்பொறியில் ஒருமுறை நிறுவின், இணைந்த திரைகள் யாவினும் தமிழ் பிழையின்றித் தோன்றும். 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டை ஒட்டி ஏற்கப்பெற்ற தமிழ்99 விசைப்பலகை முறையையும், அவ்வாறே, நடுப்பொறியில் ஒருமுறை அமைத்தாற் போதும். 1998 முதல் நடைபெறும் மதுரைத் திட்டத்தின் நூல்களும், சொல்லடைவு ஆக்கும் நிரல்களும் அவ்வொரு பொறியிலே இருப்பின், எட்டுத்தொகையில் ஒரு சொல் எத்துணை இடங்களில் பயில்கின்றது என்பதை நாற்பது மாணாக்கர் ஒரே வேளையில் தேடிக் காணலாம். இதனினும் மேலான ஆனர்ஸ் வகுப்பு எது?

இவை வெறும் எண்ணங்களல்ல. பிறர் செய்து கண்டவை. ஃபுளோரிடாவிலுள்ள லார்கோ என்னும் சிறு நகரம் தன் அலுவலர்க்குத் தனித்தனிக் கணினி வாங்காமல், நடுவே நின்ற லினக்ஸ் பொறிகளோடு இணைந்த மெல்லிய திரைப்பொறிகளையே பல்லாண்டு பயன்படுத்திற்று. பிரேசில் நாட்டுச் சாவ் பாவுலோ நகராட்சி 2001 முதல் ஏழை மக்கள் வாழும் புறநகர்களில் இம்முறையிலேயே பொதுக் கணினிக் கூடங்களைத் திறந்தது. நம் சென்னையிலேயே நொவாட்டியம் என்னும் நிறுவனம், இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முதலியோரின் துணையுடன், குறைந்த விலைத் திரைப்பொறியை வீட்டில் வைத்துக் கணக்கிடும் வேலையைத் தொலைவிலுள்ள பொறியில் நடத்தும் முயற்சியை 2000ஆம் ஆண்டுகளின் நடுவில் மேற்கொண்டது. அது வீடுதோறும் பரவிற்றில்லை. வீடுகளில் இணைப்பு அன்று மெலிந்தது. மடிக்கணினியும் கைப்பேசியும் விலை குறைந்து வந்தன. ஆயினும் பள்ளியும் கல்லூரியும் வீடுகள் அல்ல. ஆங்கே கம்பி வலுவானது, தொலைவு சிறிது, பயனாளர் பலர். வீட்டில் வேரூன்றாத விதை கூடத்தில் முளைத்தல் இயல்பே.

இக்காலத்தே இதனை வற்புறுத்துதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த பொதுவான பாதுகாப்பு உதவி முடிவுற்றது. அதன் பின்னையதாகிய விண்டோஸ் 11 பழைய பொறிகள் பலவற்றை ஏற்பதில்லை. திரை ஒளிர்கின்றது, விசை அழுந்துகின்றது, வலைக்கம்பி செருகினால் விளக்கு மினுக்குகின்றது. ஆயினும் ‘காலம் கடந்தது’ என்னும் முத்திரை பெற்று, துணி போர்த்து மூலையில் அடுக்கப்பட்ட பொறிகளை எத்தனையோ பள்ளிகளில் காண்கின்றோம். கணக்கிடும் வேலையை நடுப்பொறி மேற்கொள்ளுமாயின், இவை இன்னும் பல்லாண்டு திரைகளாக நின்று உதவும். நகரின் கழிவையும் புகையையும் சாம்பலையும் நெடுங்காலம் சுமந்த பகுதி நம்முடையது. நன்னிலையிலுள்ள பொறியையும் கழிவென்று கூறி அதன்மேல் ஏற்றாதிருத்தல் நம் கடன்.

இனி எதிருரைகளை நோக்குவோம். கைப்பேசி யாவர் கையிலும் உள்ளதே, இக்கூடம் எதற்கு என்பர் ஒரு சாரார். கைப்பேசி படிப்பதற்கும் பேசுவதற்கும் நல்ல கருவிதான். முப்பது பக்கக் கட்டுரையை எழுதித் திருத்துதற்கும், நிரல் ஆக்கிப் பார்ப்பதற்கும், ஒரு பொறியின் உள்ளமைப்பைக் கண்டு கற்பதற்கும் அது போதாது. மேலும் கைப்பேசியின் உள்ளறை பிறர் பூட்டியது. அதன் திறவுகோல் நம்மிடம் இல்லை.

ஒரு பொறி வீழின் நாற்பது திரையும் இருளுமே என்பர் மற்றொரு சாரார். இதனை யாம் எளிதாகக் கருதவில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் இப்பகுதிக்குச் செய்தவற்றை மறந்தாரில்லை. ஆதலினாலேயே நடுப்பொறி ஒன்றன்று, இரண்டு வேண்டும் என்கின்றோம். ஒன்று ‘இசைவில்லை’ எனின் மற்றொன்று ‘இசைவு’ எனும். நெறிமுறையே அதற்கு இடந்தருகின்றது. கோப்புகளின் படி ஒன்று வேறொரு கட்டடத்தில் இருத்தல் வேண்டும். நாற்பது பொறிகளைப் புயலினின்று காப்பதினும் இரண்டைக் காப்பது எளிது. நாற்பதுக்கு மின்கலம் வைப்பதினும் இரண்டுக்கு வைப்பது மலிவு.

எக்ஸ் முறையே மூத்துத் தளர்ந்துவிட்டது என்பர் கற்றறிந்தார். உண்மை. 2008இல் தொடங்கிய வேலேண்ட் அதன் இடத்தைப் பெற்று வருகின்றது. 2025இல் வெளிவந்த ரெட் ஹாட் லினக்ஸின் பத்தாம் வடிவம் எக்ஸ் வழங்கியை நீக்கியே வந்தது. க்னோம் மேசை 2024 முதல் வேறு நெறிமுறையில் தொலைப்புகுபதிகை தருகின்றது. ஆயினும் வினவல், இசைவு, ஏற்பு, துறை, வாயில், மறைவழி என்னும் கருத்துகள் மூத்தனவல்ல. எழுத்துக் கோப்பு இரண்டும் துறை இரண்டுமாக வெளிப்பட நிற்கும் பழைய முறையில் கற்பவன், மூடிய பெட்டிக்குள் நடக்கும் புதிய முறையையும் உணர்வான். தொல்காப்பியம் கற்றார் இக்காலத் தமிழை இழப்பதில்லை. அதன் அடிப்படையைப் பெறுகின்றனர். படமும் காணொளியும் மிகுந்த வேலைக்கு எக்ஸ் முறை ஏற்றதன்று என்பதையும், நெடுந்தொலைவில் அது தடுமாறும் என்பதையும் மறுக்கவில்லை. எழுதவும், தேடவும், நிரல் பயிலவும் ஒரு கட்டடத்துள் அமைவதே நாம் வேண்டுவது.

திறவுகோலை மாணாக்கரிடம் கொடுத்தல் தகுமோ என்பதே இறுதி ஐயம். கோப்பைக் கெடுத்துவிடுவர், கதவைத் திறந்து வைத்துவிடுவர் என்று அஞ்சுவார் அஞ்சலாம். ஆனால் இப்பகுதியின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பொறியின் அருகே நின்றவர்கள். பாரந்தூக்கியை இயக்கினர், கொதிகலனைக் காத்தனர், வண்டி கட்டினர். பொறியின் அருகே நிற்பதற்கு அவர்க்கு இடம் கிடைத்தது. அது எங்ஙனம் இயங்க வேண்டும் என்று முடிவு செய்யும் மேசையில் இடம் அரிதாகவே கிடைத்தது. திரைமுன் அமர மட்டும் கற்பிக்கும் கூடம் அதே வரலாற்றை இன்னொருமுறை எழுதுவதாகும். யார் நுழையலாம் என்று எழுதும் கோப்பைத் திறந்து படிக்கவும், ஆசிரியர் மேற்பார்வையில் அதனைத் திருத்தவும் கற்பிக்கும் கூடமே உண்மையில் கல்விக்கூடம்.

ஆகவே நம் கல்லூரி அதிகாரிகளுக்கு மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கின்றோம். ஒன்று, மூலையில் உள்ள பழைய பொறிகளை விற்பதற்குமுன் அவற்றை எண்ணி, ஓடுவனவற்றைப் பிரித்துத் தருக. இரண்டு, அவற்றைத் திரைகளாகக் கொண்ட கூடமொன்றை அமைத்து, தமிழ், வரலாறு பயில்வார்க்கும் அறிவியல் பயில்வாரோடு ஒப்பப் புகுபதிகை தருக. எண்ணூரினின்றும் திருவொற்றியூரினின்றும் இரயிலேறி வரும் மாணாக்கர் மாலை வண்டிக்கு விரைபவர் ஆதலின், அவர்தம் வேலையை விடியற்காலையில் வேறொரு திரையில் விட்ட இடத்தினின்றே தொடர வழி செய்க. மூன்று, அக்கூடத்தைப் பேணும் பொறுப்பில் ஆண்டுதோறும் மாணாக்கர் சிலரை ஆசிரியர் துணையுடன் அமர்த்துக. அவர் கற்றதை அருகிலுள்ள பள்ளிகளுக்கும் கொண்டுசெல்வர். பழைய மாணாக்கருள் துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் கணினிப் பணியாற்றுவோர், திங்களுக்கு ஒரு நாள் வந்து கைகாட்டுவராயின் இதனினும் சிறந்த நன்கொடை வேறில்லை.

இவற்றுக்கு வேண்டும் பொருள் சிறிது. வேண்டும் நம்பிக்கை பெரிது. வெளித்துறையில் நின்று வினவும் சிறு கலங்கள் பல உள. ‘இசைவு’ என்று விடை கூறுவது இனி நம் கல்லூரியின் கடமை.